மலைக்கு இரு புறம்

அண்மையில் பூவிருந்தவல்லியில் நடந்த இலக்கியக் கூட்டமொன்றில், ஐன்ஸ்டீன் வகுத்த எல்லையை நம் இ.சி.ஜி. சுதர்சன் தகர்த்துவிட்டார், ஒளியை முந்தும் பயணம் இனிக் கைகூடும் என்று அன்பர் ஒருவர் முழங்கினார். முன்வரிசையில் பள்ளி மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தனர். அதனாலேயே இதை எழுத நேர்ந்தது.

தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பயின்ற இயற்பியல் அறிஞர் சுதர்சன், 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே ஆகியோருடன் எழுதிய கட்டுரை எந்த எல்லையையும் தகர்க்கவில்லை. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. நிறையுள்ள பொருளை அவ்வேகத்துக்கு உயர்த்த எல்லையற்ற ஆற்றல் வேண்டும். இதை அவரும் ஏற்றார். பிறக்கும்போதே ஒளியினும் விரையும் துகள்கள் இருக்கலாகாதா என்பதே அவர் வினா. இமயத்தைக் கடக்க இயலாதென்பதால் அதன் வடக்கே மக்களே இல்லை என்று சொல்லிவிடலாமா என்றொரு உவமையும் தந்தார். எத்துணை நயமான உவமை! ஆனால் அதுவே நம் பேச்சாளரை மறுக்கிறது. மலை இரு புறத்தார்க்கும் மலைதான். 1967இல் ஃபைன்பெர்க் 'டாக்கியான்' எனப் பெயரிட்ட அத்துகள், ஒளியின் வேகத்துக்கு இறங்கிவரவும் எல்லையற்ற ஆற்றலே வேண்டும். நாம் அப்புறம் செல்ல அதில் வழியேதும் இல்லை.

அத்துகள் இதுவரை அகப்படவுமில்லை. 2011இல், ஜெனீவா அருகிலிருந்து இத்தாலிக்கு 730 கிலோமீட்டர் சென்ற நியூட்ரினோக்கள் ஒளியை முந்தியதாகச் செய்தி பரவியது. சரியாகப் பொருந்தாத ஒளியிழைக் கம்பியொன்றே முதன்மைக் காரணமென 2012இல் தெரிந்தது. கருவியிலிருந்த பழுதை அந்த ஆய்வாளர்களே உலகுக்கு அறிவித்தனர். பேச்சாளர் முதற்செய்தியை மட்டும் சொன்னார்.