வாசலில் மாவிலை, நாவில் மலாய்

புக்கிட் ரம்பாயிலிருந்து தஞ்சோங் மின்யாக் வழியாக மலாக்கா பட்டணத்துக்குப் போகிறவர்கள் காஜா பெராங் சாலையை எத்தனையோ முறை கடந்திருப்பார்கள். கடைகள், வாகன இரைச்சல், பின்னணியில் வானை முட்டும் அடுக்குமாடிகள். அவற்றின் காலடியில்தான் கம்போங் செட்டி ஒடுங்கி இருக்கிறது. அடுத்த முறை போகும்போது வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பாருங்கள். இந்தச் சிற்றூரின் எழில் நடந்து பார்ப்பவர்களுக்குத்தான் முகம் காட்டும்.

முதலில் வாசல்கள். தாழ்ந்த கூரை, அதன்கீழ் ஒரு திண்ணை, திண்ணையை ஒட்டிய பலகைக் கதவு. நிலைக்கு மேலே மாவிலைத் தோரணம். பண்டிகைக்குக் கட்டியது அப்படியே காய்ந்து, விளிம்பு சுருண்டு, பச்சை போய்ச் செம்பு நிறமேறித் தொங்குகிறது. அதைக் கழற்றி எறிய யாருக்கும் மனம் வருவதில்லை போலும். புதிய தோரணத்தைவிட இந்தப் பழைய தோரணம்தான் எனக்குப் பேரழகாகத் தெரிகிறது. காற்று வரும்போது மெல்லிய சரசரப்பு ஒன்று எழும். நின்று கேட்டால்தான் காதில் விழும்.

அந்தத் தோரணத்தின் கீழே நின்று உங்களை வரவேற்கும் பாட்டி பேசுவதோ மலாய். குழைவான, பட்டணத்து மலாயிலிருந்து சற்றே விலகிய, தமிழ்ச் சொற்கள் ஆங்காங்கே பதிந்த மலாய். பெயரைக் கேட்டால் பிள்ளை என்றோ நாயக்கர் என்றோ படையாட்சி என்றோ முடியும். நெற்றியில் திருநீறு துலங்கும்.

மலாக்கா சுல்தான்களின் காலத்திலேயே கடல் கடந்து வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் இந்த மலாக்கா செட்டிகள். அந்த வணிகர்கள் இங்குள்ள பெண்களை மணந்து இங்கேயே வேர்விட்டார்கள். 1511-இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்தபோது, நைனா சட்டு என்னும் தமிழ் வணிகரைத்தான் பெண்டஹாரா பதவியில் அமர்த்தினார்கள். 1641-இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். பிறகு வணிகம் கைநழுவ, மக்கள் மெல்ல மெல்லப் பட்டணத்தை விட்டு விலகி வயலும் தோப்புமாக இருந்த காஜா பெராங் பக்கம் குடிபோனார்கள். வரலாறு இவ்வளவு போதும். அதைச் சொல்ல ஊர் முகப்பிலேயே சின்னதொரு அருங்காட்சியகம் இருக்கிறது.

என் மனம் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் பர்ச்சு. பொங்கலுக்கு முந்தைய நாள், போகியன்று, மறைந்த முன்னோர்களுக்கு இடும் படையல் அது. கூடத்தில் தளிர்ப்பச்சை வாழையிலைகள் விரிகின்றன. பாட்டனுக்குப் பிடித்த மீன், பாட்டிக்குப் பிடித்த பலகாரம் என்று நினைவு வைத்துப் பரிமாறுகிறார்கள். தேங்காய்ப்பால் மணக்கும் நாசி லெமாக்கும், இடித்த சம்பால் பெலாச்சானும், விதவிதமான குவேகளும் இலைமேல் வந்து அமர்கின்றன. பரிமாறும் கையைக் கவனியுங்கள். உயிரோடு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு பதமாக அள்ளி வைப்பார்களோ அதே பதம், அதே பரிவு. சாம்பிராணி காட்டி வணங்கிவிட்டு, வந்தவர்கள் நிம்மதியாக உண்ணட்டும் என்று வீட்டார் சற்று விலகிக்கொள்கிறார்கள். விருந்தாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்ற பழைய நாகரிகம் மாண்டவர்களுக்கும் பொருந்தும் என்பது எத்தனை நயமான எண்ணம்!

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது அந்நியமில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் தாத்தாவுக்குப் பிடித்த கோழிக் குழம்போடு அவர் புகைத்த சிகரெட்டையும் ஒன்று வைத்துக் கும்பிட்டவர்கள்தானே நாம்! ரப்பர் வெட்ட வந்த நம் பாட்டன்மார்களுக்கும் இவர்களுடைய முன்னோர்களுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஆனாலும் இலை போடும் கை ஒன்றாகவே இருக்கிறது. நாவிலிருந்து தமிழ் நழுவிய பிறகும் கையிலிருந்து நழுவவில்லை. இவர்களைப் பார்த்து “தமிழ் தெரியாதா?” என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருவதுண்டு.

ஆண்டின் நடுவில் பழக்காலம் வந்தால் இன்னொரு பர்ச்சு உண்டு. அப்போது படையலில் பழங்களுக்கே முதலிடம்: டுரியானும் மங்குஸ்தீனும் ரம்புத்தானும் மணம் பரப்பி நிறைகின்றன. ரம்பாய் என்ற பழத்தின் பெயரையே ஊர்ப்பெயராகச் சுமக்கும் புக்கிட் ரம்பாய்க்காரர்களான நமக்கு இந்தச் சடங்கு பிடிக்காமல் போகுமா?

பெண்களின் உடை தனி அழகு. பூவேலை செய்த கெபாயா, அதன் முன்பக்கத்தைப் பூட்டும் கெரொசாங், இடுப்பில் மடிப்புக் குலையாத பாத்தேக் கைலி, பின்கொண்டையில் ஊசி. தொலைவிலிருந்து பார்த்தால் நோன்யா என்றே நினைப்போம். கோயில் வாசலில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பிக் கண்மூடும்போதுதான் நெற்றியின் பொட்டு கண்ணில் படும். சின்னஞ்சிறு கெரொசாங்கும் சின்னஞ்சிறு பொட்டும் ஒரே மேனியில் இவ்வளவு இயல்பாக ஒளிர்வதை மலாக்காவில்தான் காணலாம்.

பட்டணத்தில் ஜாலான் துக்காங் ஏமாஸில் இருக்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781-இல் எழுந்தது. டச்சு அரசு இந்தச் செட்டி சமூகத்தின் தலைவரான தெய்வநாயகம் செட்டிக்குத் தந்த நிலம் அது. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் கோயில் அன்று. பக்கத்துக் கடைவீடுகளின் உயரத்துக்குத் தன்னை அடக்கிக்கொண்டு, அஞ்சடியில் நடப்பவர் எட்டிக் கும்பிடும் நெருக்கத்தில் பிள்ளையார் வீற்றிருக்கிறார். அந்தச் சாலையும் அதன் நீட்சியும் சில நிமிட நடைதான். அதற்குள் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக்கோயிலும் வந்துவிடுகின்றன. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பகுதி இது.

ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ காஜா பெராங் முத்து மாரியம்மனுக்குத் திருவிழா. செட்டிகள் அதை டத்தோ சாச்சார் என்கிறார்கள். அம்மை நோயிலிருந்து காத்த தாய்க்கு மலாய்ப் பெயரிலேயே கொண்டாட்டம். தேரேறி அம்மன் பிள்ளையார் கோயிலுக்கு வருகிறாள். பால்குடமும் காவடியும் முன்னே வர, மஞ்சள் கெபாயா உடுத்திய பெண்கள் தேரை ஒட்டியே நடக்கிறார்கள். நமக்கு மாசி மகமென்றால் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும் வெள்ளித்தேர்தான் நினைவுக்கு வரும். அந்தத் தேர் புறப்படுவதும் இதே பிள்ளையார் வாசலிலிருந்துதான். இந்த ஆண்டு அம்மன் தேருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். வெயில் சுடும், குடை அவசியம். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, சீக்கிரமே கிளம்புங்கள்.