ஆபுத்திரனின் பசுவும் நாகர் தலைவனின் கேள்வியும்

பௌத்தத்தில் உயிரின் பெறுமதி பற்றிப் பேச்சு வந்தால், எல்லா உயிரும் ஒன்றே, ஆகவே கொல்லாமை என்ற ஒற்றை வசனத்தோடு நாம் நின்றுவிடுகிறோம். ஆனால் முழுமையாக நம் கைக்கு எட்டியிருக்கும் தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலையை ஊன்றி வாசித்தால் விடயம் அத்தனை இலகுவானதல்ல என்பது புலப்படும். 1898இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த அந்நூலின் இரண்டு காட்சிகளை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஆபுத்திரன் கதை. தாய் கைவிட்ட குழந்தையை ஏழு நாட்கள் ஒரு பசு பாலூட்டிக் காக்கிறது. அந்தணன் ஒருவன் எடுத்து வளர்க்கிறான். சிறுவன் வளர்ந்ததும், வேள்விக்கெனக் கட்டிவைத்த பசுவொன்றை இரவில் அவிழ்த்துக்கொண்டு போய் அகப்படுகிறான். பாலால் ஊரை வளர்க்கும் இப்பசு உங்களுக்குச் செய்த தீங்கு என்னவென்று கேட்கிறான். கேள்விக்குப் பதில் இல்லை. நீ பசுவின் மகன், இழிந்த பிறப்பினன் என்ற வசைதான் வருகிறது. அவனோ பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தவர்களாகச் சொல்லப்படும் ரிஷிகளை வரிசைப்படுத்துகிறான். இவர்களை இழிந்தவர் என்பீர்களா?

சாத்தனாரின் கூர்மை இங்குதான் இருக்கிறது. விலங்குக்காகத் தொடங்கிய வழக்கு மனிதனின் வழக்காக மாறிவிடுகிறது. பசுவைத் தூணில் கட்டிய அதே மனம்தான் சிறுவனை ஊரைவிட்டுத் துரத்துகிறது. அவனது பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இடுகிறது. ஆபுத்திரனும் பசுவை மீட்டதோடு நின்றுவிடவில்லை. மதுரைக்குப் போய், குருடர், செவிடர், முடவர், நோயாளர் என யாருமற்றவர்களை அழைத்து உண்ணக் கொடுத்து, எஞ்சியதைத் தான் உண்கிறான். பசு ஊட்டிய பாலுக்கு அவன் செலுத்தும் கடன் அது. சீவகாருண்யம் இக்காப்பியத்தில் வாசற்படி. வீடு, பசிப்பிணி தீர்த்தல்.

இரண்டாவது காட்சி அதிகம் பேசப்படாதது. கலம் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவன், நரமாமிசம் உண்ணும் நாகர் தலைவனுக்கு அறம் உரைக்கிறான். தலைவன் மறைக்காமல் கேட்கிறான்: கள்ளையும் ஊனையும் விட்டால் இந்த உடம்பில் உயிரை வைத்திருக்க எம்மால் ஆகாது, எமக்கு இயன்ற அறம் எது? சாதுவன் அவனைச் சபிக்கவில்லை. கலம் உடைந்து கரை சேரும் மனிதரைக் கொல்லாதே, அவர் உயிரைப் பேணு. மூத்துத் தாமாக இறக்கும் விலங்கைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே. இவ்வளவுதான். கொல்லாமை குன்றவில்லை; கேட்பவனின் வாழ்நிலையும் மறக்கப்படவில்லை. மனித உயிர் முதலில் வைக்கப்படுகிறது.

இது சாத்தனாரின் தனிச் சலுகையும் அல்ல. விநயத்தில் மனிதனைக் கொன்ற பிக்குவுக்குப் பாராஜிகா. சங்கத்தில் அவனுக்கு இடமில்லை. விலங்கைக் கொன்றால் பாசித்தியம். குற்றத்தை ஒப்புக்கொண்டு தீரலாம். இரண்டும் குற்றமே. ஆனால் ஒரே எடை அல்ல. நூறாண்டுக்கு ஒருமுறை நீருக்கு மேல் வரும் குருட்டு ஆமை, கடலில் மிதக்கும் நுகத்தின் துளைக்குள் தலை நுழைப்பது போன்றது மனிதப் பிறப்பின் அருமை என்கிறது பாளி உவமை.

எனினும் காப்பியம் தன் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை தந்துவிடவில்லை. மீட்கப்பட்ட பசு, சிறுவனை அடித்த வேள்வி ஆசானைக் கொம்பால் குத்திக் குடலைச் சரித்துவிட்டுக் காட்டுக்கு ஓடுகிறது. கவிஞர் அதைக் கண்டிக்கவுமில்லை, இரங்கவுமில்லை. மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்ட ஆபுத்திரன், ஊட்ட எவருமில்லாத இடத்தில் அமுதசுரபியைத் தனக்கென வைத்திருக்க மனமின்றி, உண்ணாதிருந்து உயிர் விடுகிறான். எல்லா உயிரையும் பேணியவன் தன் உயிரைப் பேணாமல் போனது தியாகமா, அறத்தின் தோல்வியா? மறுபிறவியில் அவனை அரசனாக்கி, இந்தக் கேள்வியைச் சாத்தனார் கடந்து போகிறார். இது காப்பியத்தின் பலவீனம் என்றே நான் கருதுகிறேன்.

மணிபல்லவம் நயினாதீவே என்போர் உண்டு. அந்த வகையில் இக்கதை நமது மண்ணுக்கும் உரியது. 2013 வெசாக் தினத்தன்று, மாடறுப்பை நிறுத்தக் கோரி, கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே ஒரு பிக்கு தன்னுடலில் தீ மூட்டி மாண்டார். அந்த மரணத்தின் துயரை மறுப்பதற்கில்லை. ஆனால் மாட்டின் பெயரால் எழும் குரல், மாட்டை உண்ணும் மனிதன்மீது வெறுப்பாகத் திரும்பும்போது, அது சாதுவனின் மொழி அல்ல. பிறப்பைச் சொல்லி ஆபுத்திரனைத் துரத்தியவர்களின் மொழி அது.

நமது வாசகர்கள் மணிமேகலையைப் பிறர் சொத்தென ஒதுக்கிவிடக் கூடாது. எமக்கு இயன்ற அறம் எது என்ற கேள்வியும், சபிக்காமல் சொல்லப்பட்ட பதிலும் அதிலே இருக்கின்றன. அயலவரோடு பேச நமக்கு இன்று தேவைப்படுவதும் அந்தத் தொனிதான்.