‘யானை டாக்டர்’: கதையும் கணக்கும்

ஜெயமோகன் 2011-இல் எழுதிய ‘யானை டாக்டர்’ கதையை மாணவர் பலர் படித்திருப்பர். தமிழக வனத்துறையில் கால்நடை மருத்துவராகப் பணிபுரிந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி (1929–2002) அதன் நாயகர். களம் டாப்சிலிப் காடு. அழுகிய உடலையும் நெளியும் புழுவையும் அருவருப்பின்றிப் பார்க்கப் பழக்கும் பகுதி, நம் உயிரியல் பாடநூல்கள் செய்யத் தவறிய வேலையைச் செய்கிறது. காட்டில் இறக்கும் யானையைப் பிணப் பரிசோதனை செய்தே தீரவேண்டும் என்ற அவரது பிடிவாதமும் நன்கு பதிவாகியுள்ளது.

குறை வேறிடத்தில் உள்ளது. மருத்துவரின் அன்பும் துணிவும் ஓங்கி நிற்க, அவருடைய கணக்கு மறைந்துபோகிறது. மயக்க ஊசிக்கு மருந்து எவ்வளவு? காட்டு யானையைத் தராசில் நிறுத்த முடியாது. முன்னங்கால் சுற்றளவை இரட்டித்தால் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். அதைக்கொண்டு எடையை மதிப்பிடலாம். ஆனால் எடை மட்டும் போதாது. 1962-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் டஸ்கோ என்ற யானைக்கு, எடைக்கு நேர்விகிதமாகக் கணக்கிட்டு, 297 மில்லிகிராம் எல்.எஸ்.டி. செலுத்தினார்கள். சில நிமிடங்களில் சரிந்தது. இரண்டு மணி நேரத்திற்குள் இறந்தது. (பின்னர் கொடுத்த மாற்று மருந்துகளின் பங்கு பற்றியும் வாதம் உண்டு.) விலங்கின் எடை 10,000 மடங்கு உயரும்போது வளர்சிதை மாற்ற வேகம் சுமார் 1,000 மடங்கே உயர்கிறது என்பதை அங்கே மறந்துவிட்டனர்.

மயங்கி விழுந்தபின் இன்னொரு இடர். யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு இணைப்புத் திசுவால் ஒட்டியிருக்கிறது. மார்பு விரியாவிடில் மூச்சில்லை. குப்புறக் கிடந்தால் திணறும். விரைந்து பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். இதை இரண்டு வரியில் சொல்லியிருந்தால் மருத்துவரின் பதற்றம் வாசகனுக்கும் தொற்றியிருக்கும்.

கதையின் மிக வலுவான பொருள் பீர்ப் புட்டிச் சில்லுதான். 4,000 கிலோ யானை ஒரு காலைத் தூக்கினால் மற்ற மூன்றும் சராசரியாக 1,333 கிலோ வீதம் தாங்கவேண்டும். அப்பாரம் கண்ணாடியின் கூர்முனையில் குவிந்தால் அழுத்தம் என்னவாகும்? பாதத்தின் கொழுப்பு மெத்தைக்குள் சில்லு புதைந்துவிடும். சீழ் உள்ளேயே கட்டும். சுற்றுலா செல்லும் மாணவர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

எங்கள் மாப்பிள்ளையூரணிப் பக்கத்துச் சிறுவர்க்கு யானை என்றால் திருச்செந்தூர்க் கோயில் யானைதான். கல்தரையும் பாதநோயும் பற்றி அவர்களுக்கு எழுத இன்னும் ஆள் வேண்டும்.

யானைகள் துதிக்கை உயர்த்திப் பிளிறும் இறுதிக் காட்சியை நன்றியென்று கொள்வது நம் மனத்தின் வேலை. யானைக்கு நினைவாற்றல் உண்டு என்பது வரை அறிவியல் உடன்வரும்.