52 மில்லிமீற்றர்

மேலதிக மீற்றர் பூட்டிய மொரிஸ் மைனர் எங்கே நின்றாலும், தலையை உள்ளே விட்டு முதலில் துளையின் விளிம்பைத்தான் பார்ப்பேன். 52 மில்லிமீற்றர் துளை கொஞ்சம் பெருத்தாலே மீற்றர் ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்துவிடும்.

1954இன் கடைசியில் ஸ்பீடோமீற்றர் நடுவுக்கு வந்தது. பெற்றோல் முள்ளும் அதற்குள்ளேயே. ஒயிலுக்கு ஒரு விளக்கு மட்டும். அதுவும் அழுத்தம் அநேகமாகப் போனபிறகே எரியும். தண்ணீர்ச் சூட்டுக்கு ஒன்றுமில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைப் படகுக்கு வரிசையில் எஞ்சின் சூடேறக் காத்துக் கிடந்த குறிஞ்சாக்கேணிக்காரருக்கு அந்தக் குறை நன்றாகத் தெரியும்.

என் தெரிவு ஸ்மித்ஸ் இரட்டை மீற்றர். ஒரே முகத்தில் மேலே ஒயில் அழுத்தம், கீழே தண்ணீர்ச் சூடு. எங்கள் பக்கத்துக் கராஜ் பாஸ் ஒருவர் அதைப் பூட்டுகிற அழகே தனி. டாஷ்போட் தகட்டில் அரம் படவே விடமாட்டார். ஸ்டியரிங் பக்கத்துச் சாமான் பெட்டியின் வாய்க்கு மட்டையில் அச்செடுத்து, அந்த அளவுக்குத் தகடு வெட்டுவார். துளையைச் சிறிதாகவே போட்டு, அரைவட்ட அரத்தால் ராவி ராவி மீற்றரை வைத்துப் பார்ப்பார். வெட்டிய விளிம்புக்கும் பெயின்ற் உண்டு, உப்புக்காற்று விடாதே. ஈதர் நிறைந்த செப்புக்குழாயை வெட்டினால் மீற்றர் செத்துவிடும். அதனால் மிச்ச நீளத்தை வட்டமாகச் சுற்றிக் கட்டி, எஞ்சின் பக்கம் போகும் துளைக்கு ரப்பர் வளையம் போடுவார். மீற்றர் விளக்கின் வயரை டாஷ்போட் விளக்கோடு சேர்ப்பார். இரண்டும் ஒன்றாக எரியும், ஒன்றாக அணையும்.

டாஷ்போட்டுக்குக் கீழே மூன்று மீற்றர் தொங்கவிடுகிறவர்கள், பழைய தகட்டில் கைவைக்காத வழி அதுதான் என்பார்கள். அக்கறை நியாயமானது. ஆனால் முழங்கால் இடிக்கும், பார்வையும் ரோட்டை விட்டு இறங்கும். பாஸின் தகட்டையும் நாலு திருகாணியில் கழற்றிவிடலாமே! டிஜிட்டல்தான் துல்லியம் என்பவர்களுக்கு ஒன்று: மைனரின் பழைய வயரிங்கில் பொடியோடு சேர்வது பொசிற்றிவ். அதை மாற்றாமல் புது எலக்ட்ரோனிக் மீற்றரைக் கொடுத்தால் கருகிவிடக்கூடும். குழாயில் ஓடும் ஸ்மித்ஸுக்கு அந்தக் கவலையே இல்லை.

இப்போது மீற்றரைக் கண்ணாடித் தூணில் இரட்டைப் பக்க ரேப்பால் ஒட்டுகிறார்கள். எங்கள் வெயிலில் பசை இளகி, மீற்றர் வயரில் தொங்குகிறது. கராஜில் தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு ஸ்கேனரைக் கொடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு தகட்டையும் அரைவட்ட அரத்தையும் கொடுத்து, ஒழுங்கான ஒரு துளை ராவ வைக்கட்டும்.