மேளக்குழுவின் வழிநடைக் கதை

கொத்தமங்கலம் சுப்பு, ‘கலைமணி’ என்னும் புனைபெயரில், 1950களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை ‘தில்லானா மோகனாம்பாள்’. இங்குத் திரிங்காப்பில் யான் கேட்டவருள் பெரும்பாலோர் அதனை 1968-இல் வந்த திரைப்படத்தின் வாயிலாகவே அறிவர். நூலைப் படித்தவர் சிலரே.

படம் காதலை நடுவில் நிறுத்திற்று. நூலோ, என் கருத்தில், முதற்கண் ஒரு வழிநடைக் கதை. திருவிழாவுக்குத் திருவிழா ஊர்விட்டு ஊர்செல்லும் மேளக்குழுவின் பிணக்கும் கேலியுமே அதன் உயிர். இது தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை ஐந்து. அவற்றுள் நான்கு கலைஞரை வழிப்படுத்துவன. மலைபடுகடாத்தில் கூத்தர் இசைக்கருவிகளைச் சுமந்து மலைவழி செல்கின்றனர். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் தவிலை மடியில் வைத்துக்கொண்டு வரும் மேளக்காரரைக் கண்டவர்க்கு அப்பாட்டுக்கு உரையாசிரியர் வேண்டா!

சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் மூளும் போட்டி வெறும் காதற்பிணக்கன்று. நாயனமும் தவிலும் பெரிய மேளம். ஆடல் சின்ன மேளம். அப்பழம் பூசலையே ஆசிரியர் கதையாக்கினார். ஆயினும் நாயனக்காரரின் சினத்தைத் தாங்கி, வேண்டுமிடத்து இடித்துரைக்கும் தவில்காரரின் நட்பே எனக்குப் பெரிதாகப்படுகிறது. தவில் நாயனத்தின் பின்னே செல்வது. தனியாவர்த்தனத்தில் தானே முன்செல்வது. அந்நட்பும் அத்தகையதே.

பேச்சுநடை மிகுதி என ஆசிரியர் சிலர் குறை கூறுவர். காந்தி மகான் கதையை வில்லிசையில் பாடியவருக்கு அந்நடையன்றி வேறு எது பொருந்தும்?

என் குறை வேறு. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்தது. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து எழுந்த இக்கதையில், ஆடும் பெண்ணைச் செல்வரிடம் சேர்க்க அலையும் தரகன் வைத்தி நம்மைச் சிரிக்க வைக்கிறான். நகை பிறக்கும் களன் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். இங்கு எள்ளப்படுவோன் யார்? சில இடங்களில் வைத்தி. பல இடங்களிலோ அவன் சாமர்த்தியத்தை நாம் சுவைக்கிறோம், எள்ளவில்லை. மகளைச் செல்வர் ஒருவரிடம் ஒப்படைக்கத் துடிக்கும் தாயையும் பேராசைக்காரி என்றே நகைத்து விடுகிறோம். சதங்கை ஓய்ந்தபின் அவ்வீட்டில் அடுப்பெரிவது எவ்வாறு என்னும் அவளது அச்சத்துக்கு, இத்துணைப் பெரிய நூலில் ஆசிரியர் இன்னும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம்.