வெயிலில் உட்கார்ந்திருப்பவர்

குமாரபாளையத்துத் தறிச் சத்தத்தைத் தாண்டிச் சேலம் பக்கம் போனால், வேப்பமரத்தடியில் காவல் தெய்வம் முனியப்பன் உட்கார்ந்திருப்பார். பல ஊர்களில் மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவர்மேல்தான். செங்கல்லை அடுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர்விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பூசிப் பூசி வளர்த்த உடம்பு; இப்போது பெரும்பாலும் சிமெண்ட். கிட்டே நின்று பாதத்தைப் பாருங்கள், பெருவிரல் நகத்துக்குக்கூடத் தனி வண்ணம் தீட்டியிருப்பார்கள். முறுக்கிய மீசை, உருட்டிய விழி. கண் திறக்கும்வரை அது சுதை; திறந்துவிட்டால் ‘அது’ என்று யாரும் சொல்லமாட்டோம். மெரினாவில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959இல் திறந்த உழைப்பாளர் சிலை என்றால் எனக்கு உயிர். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நான் நிமிர்ந்து பார்ப்பது இவரைத்தான். நிறம் வெளுத்தால் ஊரே காசு போட்டு வண்ணம் பூசும்.