மண்ணில் இடும் ஊக்கி: மக்காச்சோளத்தில் தேறுமா?

வளர்ச்சி ஊக்கிகளுக்கு மக்காச்சோளம் கட்டுப்படுமா என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. 1950களில் பின்னி என்ற அமெரிக்க ஆய்வாளர் குட்டை ரகச் செடிகளுக்கு ஜிப்ரெல்லின் கொடுத்து இயல்பான உயரத்துக்கு வளரவைத்தார். ஸியாட்டின் என்ற ஊக்கி 1963இல் பிரித்தெடுக்கப்பட்டதே மக்காச்சோள மணியிலிருந்துதான். மண்ணில் போட்டால் பலிக்குமா என்பது வேறு கேள்வி. உடுமலை, பொள்ளாச்சி, மேற்கே பாலக்காட்டின் சித்தூர்க் கரிசல் என உரக்கடைகளில் குருணை ஊக்கி கைமாறும்போது இரண்டு கேள்விகளும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

மண்ணில் விழும் ஆக்ஸினையும் ஜிப்ரெல்லினையும் நுண்ணுயிர்கள் விரைவிலேயே சிதைத்துவிடும். சிதையாமல் நிற்பதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. முதலமடை மாந்தோப்புகளில் பூப்பை முந்தவைக்க வேரடியில் ஊற்றும் பாக்லோபியூட்ரசால், விவசாயி வாயில் 'கல்டார்', மண்வழி முறை பலிக்கும் என்பதற்குச் சான்று. ஆனால் அது ஊக்கியல்ல; ஜிப்ரெல்லின் உருவாவதைத் தடுக்கும் பொருள். மாதக்கணக்கில் மண்ணில் தங்குவதே அதன் பலம், அதுவே குற்றமும். நூறு நாள் பயிருக்கு, அடுத்த போகத்திலும் எச்சம் நிற்கும் சரக்கு ஆகாது.

குருணைக்குச் சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் செடியின் உயரமும் இலையின் பச்சையும். உயரம் விளைச்சலாகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றுக்கு, தண்டு நீண்ட பயிர்தான் முதலில் சாயும். பார்க்க வேண்டியது கதிரின் நுனியை. தோலை உரித்தால் மணி வரிசை நுனிவரை ஓடியிருக்கிறதா, இரண்டு விரற்கடை வெறும் சக்கையாக நிற்கிறதா? போதாக்குறைக்குப் பல சரக்குகளில் கடற்பாசிச் சாறும் ஹியூமிக் அமிலமும் சேர்ந்திருக்கும்; பயன் தெரிந்தாலும் அதை ஊக்கியின் கணக்கில் எழுத வழியில்லை.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘மக்காச்சோள மேக்சிம்’ என்ற கலவை மணி பிடிப்பைத்தான் குறிவைக்கிறது. ஏக்கருக்கு 3 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஆண் பூ வரும்போதும் மணி பிடிக்கும்போதும் இலைவழி தெளிக்கச் சொல்கிறார்கள். தருணத் தேர்வில் குறையில்லை. விளைச்சல் கூடும் என்று அவர்கள் சொல்லும் 20 சதவீதம் மேல் எல்லை, சராசரியல்ல. தவிர, சத்தும் ஊக்கியும் கலந்த பொட்டலம் அது. சத்து மட்டும், ஊக்கி மட்டும், இரண்டும், வெறும் தண்ணீர் என நான்கு பாத்திகளை அருகருகே வைத்து அளந்தால் ஒழிய, கூடிய மணியில் ஊக்கியின் பங்கு பிரியாது.

மண்வழியில் என் தராசில் தேறுவது அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் என்றே நெடுங்காலம் அறியப்பட்டது. ஆக்ஸின் போன்ற ஊக்கிகளை அது சுரப்பதையும் வேர் வளர்ச்சி மாறுவதையும் 1979இல் கம்பில் நடந்த ஆய்வு காட்டியது. வேரடியிலேயே நாள்தோறும் சுரப்பதால் சிதைவுச் சிக்கல் அடிபட்டுப்போகிறது. ஹெக்டேருக்கு 2 கிலோவைத் தொழுவுரத்தோடு கலந்து இடுவது பரிந்துரை. குறை, பொட்டலத்தில் உயிர் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த பொட்டலம் வெறும் தூள்.

கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம் போன்ற உயிரூக்கிகளை 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்து, மூன்று வேளாண் சூழல்களில் ஒரு பருவச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். முன்னேற்றம்தான்; மழை பொய்த்த ஆண்டையும் கொட்டிய ஆண்டையும் ஒரு பருவம் காட்டாது.

ஆகவே குருணை ஊக்கிக்கு இன்று கையிலிருக்கும் சான்று போதாது. வாங்கத்தான் வேண்டுமென்றால், ஊக்கி போடாத பாத்தியில் ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் வந்தது என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள்.